டிக்கெட்டில் ‘டைரக்ட்’ என்று இருக்கிறது, நடுவில் ஏன் இறங்குகிறது?

மார்ச் 3 – ஒரு வாசகரின் கேள்வி

அப்பா அம்மாவுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். ‘டைரக்ட் ஃப்ளைட்’ என்றுதான் தேடினேன், அப்படித்தான் காட்டியது. பணம் கட்டிய பிறகு பயண விவரத்தைப் பார்த்தால் ‘ஸ்டாப் – 1’ என்று இருக்கிறது. விமான எண் ஒன்றே ஒன்றுதான். இது டைரக்டா, இல்லையா? ஏமாற்றிவிட்டார்களா?

மார்ச் 3, இரவு

டைரக்ட்தான். யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் இது நான்-ஸ்டாப் இல்லை.

விமானத் துறையில் டைரக்ட் என்றால், ஏறும் ஊரிலிருந்து சேரும் ஊர் வரை ஒரே விமான எண். அவ்வளவுதான். நடுவில் ஓர் ஊரில் இறங்கலாம், இரண்டு ஊர்களிலும் இறங்கலாம். எண் மாறாதவரை அது டைரக்ட். நான்-ஸ்டாப் என்றால் கிளம்பிய விமானத்தின் சக்கரம் சேரும் ஊரில்தான் மறுபடி தரையைத் தொடும். கனெக்டிங் என்றால் எண்ணும் மாறும், பெரும்பாலும் விமானமும் மாறும்.

ஆகவே நான்-ஸ்டாப் எல்லாமே டைரக்ட். டைரக்ட் எல்லாம் நான்-ஸ்டாப் ஆகிவிடாது. பேச்சில் எல்லோரும் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறார்கள். டிக்கெட் விற்பவர்களும் அப்படியே சொல்வதுதான் எனக்கு வருத்தம். அவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

மார்ச் 4, காலை

நேற்று எழுதியது வெறும் விளக்கமாக நின்றுவிட்டது. ஓர் உதாரணம் இருந்தால் மனத்தில் நிற்கும்.

ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனத்தின் கியூஎஃப் 1 என்ற விமான எண். சிட்னியில் ஏறினால் லண்டன் வரை அதே எண். நடுவில் சிங்கப்பூரில் நிற்கும். டைரக்ட் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. 2013 முதல் 2018 வரை இதே கியூஎஃப் 1 சிங்கப்பூரை விட்டுவிட்டுத் துபாயில் நின்றது. பிறகு மறுபடி சிங்கப்பூர். புறப்படும் ஊர், சேரும் ஊர், எண் எல்லாம் அப்படியே இருக்க, நடுவில் இருந்த நாடு மட்டும் மாறியது. போன முறை அதே எண்ணில் போனேன், எல்லாம் தெரியும் என்று நம்பிப் போகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இந்தத் தடத்துக்குக் கங்காரு ரூட் என்று பெயர். 1947 டிசம்பர் 1 அன்று லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் விமானம் சிட்னியிலிருந்து 29 பயணிகள், 11 பணியாளர்களுடன் கிளம்பியது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிபோலி என்று இறங்கி இறங்கி லண்டன் போய்ச் சேர நான்கு நாட்கள் ஆயின. அந்தக் காலத்தில் நடுவில் எங்கும் நிற்காமல் அங்கே போகும் விமானமே கிடையாது. அதனால் டைரக்டா நான்-ஸ்டாப்பா என்று கேட்க வேண்டிய தேவையும் இல்லை. விமானங்கள் நீண்ட தூரம் பறக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் இரண்டு சொற்களும் தனித்தனியே தேவைப்பட்டன. மக்கள் பேச்சு இன்னும் அந்தப் பிரிவை ஏற்றுக்கொள்ளவில்லை.

மார்ச் 4, மாலை

இன்னொரு வாசகர் தம் டிக்கெட்டில் ‘டெக்னிக்கல் ஸ்டாப்’ என்று இருப்பதைப் பார்த்துப் பயந்துபோய் எழுதியிருக்கிறார். விமானத்தில் கோளாறு என்று முன்கூட்டியே தெரிந்தா ஓட்டுகிறார்கள் என்று கேட்கிறார். நியாயமான பயம், அந்தப் பெயர் அப்படித்தான் ஒலிக்கிறது. ஆனால் அதற்கும் கோளாறுக்கும் சம்பந்தமில்லை. பயணிகளை ஏற்றவோ இறக்கவோ செய்யாமல், பெரும்பாலும் எரிபொருளுக்காக, சில நேரம் விமானிகள் மாறுவதற்காக நிற்பதுதான் டெக்னிக்கல் ஸ்டாப்.

1944-இல் சிகாகோ மாநாட்டில் வான்வழிச் சுதந்திரங்களை வகுத்தார்கள். ஒரு நாட்டின் மேலே பறந்து செல்வது முதல் சுதந்திரம். வணிகம் எதுவும் செய்யாமல் அங்கே இறங்கிச் செல்வது இரண்டாவது. டெக்னிக்கல் ஸ்டாப்பின் வேர் அதுதான்.

இப்படிப்பட்ட நிறுத்தங்களாலேயே பெயர் பெற்ற ஊர்கள் உண்டு. அட்லாண்டிக் கடலைத் தாண்டும் புரொப்பெல்லர் விமானங்களுக்குக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் இருக்கும் காண்டர் ஒரு பக்கக் கரை, அயர்லாந்தின் ஷானன் மறு பக்கக் கரை. எரிபொருள் நிரப்பும் நேரத்தில் பயணிகள் சும்மா நின்றதால்தான் 1947-இல் ஷானனில் உலகின் முதல் விமான நிலைய டியூட்டி ஃப்ரீ கடை வந்தது. 1958 அக்டோபர் 26 அன்று பான் ஆம் நிறுவனத்தின் போயிங் 707 நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குப் புறப்பட்டதே, அந்தப் புகழ்பெற்ற ஜெட் பயணம்கூடக் காண்டரில் நின்றுதான் போனது. சோவியத் வான்வெளி மூடியிருந்த காலத்தில் ஐரோப்பாவிலிருந்து ஜப்பான் போன விமானங்கள் அலாஸ்காவின் ஆங்கரேஜில் நின்றன. அந்தத் தலைமுறைப் பயணிகளுக்கு ஆங்கரேஜ் என்றால் நள்ளிரவுக் காத்திருப்புக் கூடம்தான் நினைவுக்கு வரும்.

மார்ச் 5

இந்த விஷயத்தில் நான் ஏன் இவ்வளவு விடாப்பிடியாக இருக்கிறேன் என்று ஒருவர் கேட்டிருந்தார். என் பெரியம்மா காரணம்.

தனியாகப் போனார். ஆங்கிலம் தெரியாது. டிக்கெட் எடுத்துக் கொடுத்த ஏஜென்ட், “டைரக்ட் அம்மா, எங்கேயும் மாற வேண்டாம், ஏறி உட்கார்ந்தால் அங்கே போய் இறங்குவதுதான்” என்று சொல்லியிருந்தார். எண் ஒன்றுதான், அதில் பொய் இல்லை. நடுவில் ஒரு விமான நிலையத்தில் எல்லோரையும் கைப்பையோடு இறங்கச் சொன்னார்கள். அறிவிப்பு ஆங்கிலத்தில் வந்தது, பிறகு அவருக்குத் தெரியாத இன்னொரு மொழியில் வந்தது. வாசலில் ஒரு பெண் ஆளுக்கொரு பிளாஸ்டிக் அட்டையைக் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். டிரான்சிட் என்று எழுதிய அட்டை. மூக்குக்கண்ணாடி இருக்கைக்கு முன்னால் இருந்த பையிலேயே தங்கிவிட்டது. அட்டையில் என்ன இருக்கிறது என்றோ, மேலே தொங்கும் பலகையில் அம்புக்குறி எந்தப் பக்கம் போகிறது என்றோ அவரால் படிக்க முடியவில்லை.

“எல்லோரும் இறங்கினார்கள், ஊர் வந்துவிட்டது என்று நினைத்து நானும் கூட்டத்தின் பின்னாலேயே போனேன்” என்றார். கூட்டத்தில் பாதிப் பேருக்கு உண்மையிலேயே ஊர் வந்துவிட்டது. அவர்கள் குடியேற்றச் சோதனைக்குப் போகிறவர்கள். பெரியம்மாவும் அந்த வரிசையில் போய் நின்று பாஸ்போர்ட்டை நீட்டினார். கவுன்டரில் இருந்தவர் போர்டிங் பாஸைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து, ஓர் ஊழியரைக் கூப்பிட்டு ஒப்படைத்தாராம். அந்த நல்ல மனிதர் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

“நடுவில் ஓர் இடத்தில் இறக்குவார்கள், ஓர் அட்டை தருவார்கள், அதைக் காட்டி மறுபடி அதே விமானத்தில் ஏற வேண்டும்” என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் போதும். டைரக்ட் என்ற சொல் அந்த விவரத்தை முழுசாக விழுங்கிவிட்டது.

மார்ச் 5, சற்று நேரம் கழித்து

கேள்வி கேட்ட வாசகருக்கு: விமான நிறுவனத்தைக் கூப்பிட்டு “டைரக்டா?” என்று கேட்காதீர்கள். “ஆமாம்” என்பார்கள். நடுவில் எந்த ஊர், எவ்வளவு நேரம், உட்கார்ந்தே இருக்கலாமா இறங்க வேண்டுமா, ஏறும்போது அதே விமானம்தானா என்று கேளுங்கள்.

மார்ச் 6

விசா பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நேரம் வீணாவதாவது பொறுத்துக்கொள்ளக்கூடியது. விசா இல்லையென்றால் விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள்.

ஏர் நியூசிலாந்து நெடுங்காலம் ஆக்லாந்திலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வழியாக லண்டனுக்கு விமானம் ஓட்டியது. என்இசட் 2 என்ற ஒரே எண். நியூசிலாந்திலிருந்து இங்கிலாந்துக்குப் போகிறவருக்கு அமெரிக்காவில் எந்த வேலையும் இல்லை. ஆனாலும் லாஸ் ஏஞ்சலிஸில் இறங்கி அமெரிக்கக் குடியேற்றச் சோதனையைத் தாண்டித்தான் அதே விமானத்தில் மறுபடி ஏற வேண்டும். காரணம், அமெரிக்காவில் பொதுவாக குடியேற்றச் சோதனைக்கு உட்படாமல் அடுத்த விமானத்துக்குப் போகும் பகுதி என்று ஒன்று கிடையாது. மண்ணில் இறங்கினால் நாட்டுக்குள் நுழைந்த மாதிரிதான். அதற்கு டிரான்சிட் விசாவோ, விசா விலக்கு பெற்ற நாட்டவர் என்றால் இஎஸ்டிஏ என்ற முன் அனுமதியோ வேண்டும். அந்தச் சேவை 2020-இல் நின்றுவிட்டது. விதி நிற்கவில்லை.

ஐரோப்பாவில் வேறு விதம். ஷெங்கன் நாடுகளில், அதாவது பொது விசா வைத்திருக்கும் ஐரோப்பிய நாடுகளில், விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் அடுத்த விமானம் பிடிக்கலாம். ஆனால் சில நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு அதற்கே விமான நிலைய டிரான்சிட் விசா தேவை. எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும் பொதுவான அந்தப் பட்டியலில் இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ் உள்ளிட்ட நாடுகள் இருக்கின்றன. விலக்குகளும் உண்டு, தனித்தனி நாடுகள் கூடுதலாகச் சேர்க்கும் பெயர்களும் உண்டு. ஆகவே நடு ஊர் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டுத் தூதரகத்தின் தளத்தில் பயணத்துக்கு முன் பார்த்துவிடுங்கள். டிக்கெட்டில் ‘டைரக்ட்’ என்று இருப்பதைக் காட்டினால் எந்த அதிகாரியும் விட்டுவிட மாட்டார்.

மார்ச் 7

“அதே விமானம்தானா என்று எதற்குக் கேட்க வேண்டும், எண் ஒன்று என்றால் விமானமும் ஒன்றுதானே?” என்று ஒருவர் மடக்குகிறார்.

இல்லை. எண் ஒன்றாக இருக்க, நடு ஊரில் விமானம் மாறுவதும் உண்டு. பெரிய விமானம் ஒன்று வந்து நிற்கும், அங்கிருந்து அதே எண்ணில் சிறிய விமானம் ஒன்று கிளம்பும். இரண்டு தனிப் பயணங்களை ஓர் எண்ணால் முடிச்சுப் போட்ட ஏற்பாடு. அமெரிக்காவில் இப்படி விமானம் மாறும் என்றால் டிக்கெட் வாங்கும் முன்பே பயணியிடம் சொல்லியாக வேண்டும் என்று தனி விதியே வைத்திருக்கிறார்கள். விதி போடும் அளவுக்கு ஜனங்கள் குழம்பியிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

இப்படிச் செய்வதன் லாபம் எளிது. கணினியில் தேடும்போது கனெக்டிங் பயணத்தைவிட ஒரே எண் கொண்ட பயணம் மேலே தெரியும், பார்க்கிறவர் கண்ணுக்கும் எளிதாகத் தெரியும். இதை நான் கண்டிக்கிறேன். விமானம் மாறுகிறது என்றால் அது பயணிக்குக் கனெக்டிங்தான். எண் விமான நிறுவனத்தின் கணக்குக்காக. கையில் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பவர் பயணி.

மார்ச் 8

இவ்வளவும் எழுதியதைத் திரும்பப் படித்தேன். டைரக்ட் என்றாலே தவிர்க்க வேண்டியது போலத் தொனிக்கிறது. அது சரியல்ல, மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

உண்மையிலேயே ஒரே விமானம் நடுவில் நின்று போகிறது என்றால், வயதானவர்களுக்கு அது கனெக்டிங்கைவிட எவ்வளவோ மேல். முதல் கட்டம் இரண்டு மணி நேரம் தாமதமானாலும் அடுத்த விமானம் போய்விடுமே என்ற படபடப்பு இல்லை, ஏனென்றால் அடுத்த விமானமும் அதுவேதான். பெட்டி வேறு எங்கோ போய்விடும் வாய்ப்பும் குறைவு. சில நிறுத்தங்களில் இருக்கையிலேயே இருக்கச் சொல்வார்கள். அப்போது துப்புரவாளர்கள் வருவார்கள். பணியாளர் ஒருவர் மேலே வைத்திருக்கும் ஒவ்வொரு பையையும் தொட்டு “இது யாருடையது?” என்று கேட்டுக்கொண்டே போவார். எரிபொருள் நிரப்பும்போது பெல்ட்டைப் போடாதீர்கள் என்று அறிவிப்பு வரும். அது வரைக்கும் போடு போடு என்று சொன்னவர்கள் இப்போது கழற்று என்கிறார்களே என்று சிலர் திகைப்பார்கள். ஏதாவது ஆபத்து என்றால் சட்டென்று எழுந்து ஓட வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி.

இறங்கி ஏறும் நிறுத்தத்திலும் நன்மை உண்டு. கால் வீங்குகிறவர்களுக்குப் பாதி வழியில் ஒரு மணி நேரம் நடப்பது பெரிய ஆறுதல். பதினேழு மணி நேரம் ஒரே மூச்சில் உட்கார முடியாதவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு நான்-ஸ்டாப்பைவிட இதைத்தான் நான் பரிந்துரைப்பேன். ஒரே ஓர் எச்சரிக்கை: இறங்கினால் மறுபடி பாதுகாப்புச் சோதனை இருக்கலாம். வழியில் வாங்கிய வாசனைத் திரவியப் புட்டியின் முத்திரையிட்ட பையைப் பிரிக்காதீர்கள். பிரித்துவிட்டால் அங்கே பிடுங்கிக்கொள்வார்கள்.

மார்ச் 9

போகும்போது ஸ்டாப், வரும்போது நான்-ஸ்டாப், இது எப்படி என்று ஒரு கேள்வி. நல்ல கேள்வி, இதற்காகவே பிஏ 001 நினைவுக்கு வந்தது.

முன்பு ஒலியைவிட வேகமாகப் பறந்த கன்கார்டு விமானத்துக்கு இருந்த எண் அது. 2009-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் அந்த எண்ணை லண்டன் சிட்டி விமான நிலையத்திலிருந்து நியூயார்க் போகும் சிறிய ஏர்பஸ் ஏ318-க்குக் கொடுத்தது. 32 இருக்கைகள்தான். லண்டன் சிட்டியின் ஓடுபாதை ஒன்றரைக் கிலோமீட்டர் நீளம். அட்லாண்டிக்கைத் தாண்டும் அளவுக்கு எரிபொருளை நிரப்பிக்கொண்டு அதிலிருந்து எழும்ப முடியாது. அதனால் கொஞ்சம் எரிபொருளோடு கிளம்பி ஷானனில் இறங்கி நிரப்பிக்கொண்டது. நிரப்பும் நேரத்தில் பயணிகள் அங்கேயே அமெரிக்கக் குடியேற்றச் சோதனையை முடித்துக்கொண்டார்கள். நியூயார்க்கில் உள்நாட்டுப் பயணி மாதிரி இறங்கி நேரே வெளியே நடக்கலாம். திரும்பும்போது நியூயார்க்கின் ஓடுபாதை நீளம், காற்றும் மேற்கிலிருந்து கிழக்கே பின்னாலிருந்து தள்ளும், நிற்கத் தேவையே இல்லை. 2020-இல் அந்தச் சேவையும் முடிந்தது.

ஒரு நிறுத்தத்தைப் பயணிக்குப் பயனுள்ளதாக மாற்றிய திட்டம் அது. அதை வகுத்தவரைப் பாராட்ட வேண்டும்.

மார்ச் 11

சற்றே விலகிப் போகிறேன். ரயிலில் இந்தக் குழப்பம் வருவதே இல்லை, கவனித்தீர்களா? மாஸ்கோவிலிருந்து விளாடிவோஸ்டாக் வரை 9,289 கிலோமீட்டர். நேரடி ரயில் இருக்கிறது என்றால் நடுவில் எங்கும் நிற்காது என்று யாரும் நினைப்பதில்லை. பெட்டி மாற வேண்டாம் என்றுதான் புரிந்துகொள்கிறார்கள். விமானத் துறையும் டைரக்ட் என்பதைக் கிட்டத்தட்ட அந்தப் பொருளில்தான் வைத்திருக்கிறது. ஆனால் வானத்தில் நடுவழியில் ஸ்டேஷன் கண்ணில் படுவதில்லை. அதனால் நேரடி என்றதும் நிற்காமல் என்று மனம் முடிவு செய்துவிடுகிறது.

தமிழ்ச் செய்திகளில் ‘நேரடி விமான சேவை’ என்று போடும்போதும் பெரும்பாலும் நான்-ஸ்டாப்பையே சொல்கிறார்கள். ‘இடைநில்லா’ என்று அருமையான சொல் இருக்கிறது. அதை நான்-ஸ்டாப்புக்கு வைத்துக்கொண்டு, நேரடி என்பதை ஒரே எண்ணுக்கு விட்டுவிட்டால் படிக்கிறவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

மார்ச் 12

3-ஆம் தேதி எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஒரே விமானம், ஒரே நாள், ஒரு பயணிக்கு நான்-ஸ்டாப், பக்கத்து இருக்கைக்காரருக்கு வெறும் டைரக்ட் என்றும் ஆகலாம். 2018 மார்ச்சில் குவாண்டாஸ் தொடங்கிய கியூஎஃப் 9 மெல்பர்னில் கிளம்பி, பெர்த்தில் நின்று, லண்டன் போனது. பெர்த்தில் ஏறியவருக்கு சுமார் 14,500 கிலோமீட்டர் இடைநில்லாப் பயணம். மெல்பர்னில் ஏறியவருக்கு ஒரு நிறுத்தம். நண்பர் அந்த எண்ணில் நான்-ஸ்டாப்பாகப் போனேன் என்று சொல்வதை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். அவர் எங்கே ஏறினார் என்று கேளுங்கள்.

நான்-ஸ்டாப்பும் கல்வெட்டு இல்லை. 2024 ஏப்ரலில் மத்தியக் கிழக்குப் பதற்றத்தால் சுற்றிப் போக வேண்டியிருந்தபோது, இதே பெர்த்–லண்டன் விமானத்தைச் சிங்கப்பூரில் இறக்கி எரிபொருள் நிரப்பினார்கள். லண்டனிலிருந்து திரும்பும் விமானம் மட்டும் பின்காற்றின் உதவியால் நிற்காமலே வந்தது. 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடியபோது ஐரோப்பா–கிழக்காசியத் தடங்கள் பல மணி நேரம் நீண்டன. நடுவில் நிற்பதும் நிற்காததும் காற்று, எடை, அரசியல் மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கும் விஷயம். பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு ஒருமுறை விவரத்தைத் திறந்து பார்ப்பது நல்லது.

மார்ச் 14

லேஓவர், ஸ்டாப்ஓவர் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டவருக்குச் சுருக்கமாக: சர்வதேசப் பயணத்தில் நடு ஊரிலிருந்து 24 மணி நேரத்துக்குள் கிளம்பினால் டிரான்சிட் அல்லது லேஓவர், அதைத் தாண்டினால் ஸ்டாப்ஓவர். கட்டணக் கணக்கே அதனால் மாறும்.

இன்னொன்று. நடுவில் நிற்கும் டைரக்ட் பயணத்தில் சில நேரம் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி போர்டிங் பாஸ் தருவார்கள், இருக்கை எண்ணும் மாறியிருக்கும். கணவன் மனைவி இருவரும் முதல் கட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில், இரண்டாவதில் பத்து வரிசை தள்ளி என்று உட்கார நேரும். செக்-இன் கவுன்டரிலேயே இரண்டு பாஸ்களையும் பார்த்துச் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். வீல்சேர் கேட்டிருந்தால் அது நடு நிறுத்தத்துக்கும் பதிவாகியிருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.